படகும் அதன் பராமரிப்பும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

‘சிறு துளி பெருவெள்ளம்’ என்னும் பழமொழியைச் சேமிப்பு பற்றிய கட்டுரைகளில் நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். படகில் அமர்ந்திருப்பவர்க்கு அப்பழமொழியின் பொருள் முற்றிலும் வேறு. பலகையின் இடுக்கில் கசியும் சிறு துளிதான் சிறிது நேரத்தில் காலடியில் வெள்ளமாக நிற்கிறது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. கணுக்கால் அளவு நீரில் நின்றுகொண்டு அறிந்தோம்.

“பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்கும் படகுக்கும் என்ன தொடர்பு?” என்று தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எங்கள் தெருக்களில் காலையில் கேட்பது தறியின் ஓசை. வேகவதி ஆற்றில் ஆண்டின் பல மாதங்கள் மணலைத்தான் பார்க்க முடியும். மஞ்சள்நீர்க் கால்வாயிலோ, மழை நாட்களில் சிறுவர் விடும் காகிதக் கப்பலைத் தவிர வேறெந்தக் கலமும் சென்று நாங்கள் கண்டதில்லை. ஆயினும் எங்கள் நால்வரில் ஒருத்தியின் சித்தப்பா, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தறியை விட்டுவிட்டு, கோவளத்துக்கு அருகில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பொங்கல் விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்ற நாங்கள் மூன்று நாட்கள் அவருடைய பட்டறையிலேயே பொழுதைக் கழித்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் நம் பள்ளி மலரில் பகிர்ந்துகொள்வதே எங்கள் நோக்கம்.

கால்வாயின் கதை

சித்தப்பாவின் பட்டறைக்கு அருகே ஓடுவது பக்கிங்காம் கால்வாய். 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதன்முதலில் இது வெட்டப்பட்டது. காக்ரேன் என்பவர் இப்பணியைச் செய்ததால் முதலில் காக்ரேன் கால்வாய் என்று அழைத்தனர். பின்னர் அரசு இதனை ஏற்று, வடக்கிலும் தெற்கிலும் கடற்கரையை ஒட்டி நீட்டித்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுக்கும் பொருட்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதியை வெட்டினார்கள். அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878-இல் இக்கால்வாய்க்கு இடப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை இதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. முட்டுக்காடு, கோவளம் முதலிய ஊர்கள் 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே இது நமக்கு அயல்வீட்டுக் கால்வாய் அன்று.

அக்காலத்தில் இதில் எஞ்சின் படகுகள் இல்லை. காற்று வீசினால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் இயலாதபோது கரைமேல் நடந்துகொண்டே கயிற்றால் படகை இழுப்பார்கள். உப்பும் விறகும் தானியமும் இவ்வழியே சென்னை சேர்ந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமுற்றது. அதன் பிறகு சரக்குப் போக்குவரத்து வரவரக் குறைந்துபோயிற்று. இன்று இதன் சில பகுதிகளிலும், இதனோடு சேரும் உப்பங்கழிகளிலும் மீனவர் படகுகளும் சுற்றுலாப் படகுகளுமே ஓடுகின்றன. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உள்ளது.

அன்று நடந்தது

இரண்டாம் நாள் மாலை, சித்தப்பாவுக்குப் பழக்கமான ஒருவர் தம் படகில் எங்களை ஏற்றிச் சென்று கால்வாயைக் காட்டுவதாகச் சொன்னார். சித்தப்பாவும் உடன் வந்தார். ஏறுவதற்கு முன் எங்கள் நால்வருக்கும் உயிர்காக்கும் சட்டையை மாட்டி, கயிறுகளைத் தாமே இழுத்து முடிந்தார். வியர்க்கிறது என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். படகுக்காரர், “பத்து நிமிஷம் போய்வரத் துடுப்பு எதற்கு?” என்று துடுப்பைக் கரையிலேயே விட்டுவிட்டார்.

கால்வாய் அகன்று உப்பங்கழியோடு சேரும் இடத்தில் எஞ்சின் இருமுறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. அது கடல் வற்றும் நேரம். நீர் முழுவதும் முகத்துவாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஓசையே இல்லாமல் எங்கள் படகும் அத்துடன் நகரத் தொடங்கியது. தொலைவில் அலை உடையும் வெண்கோடு தெரிந்தது. படகுக்காரர் எஞ்சின் கயிற்றை இழுத்தார், மீண்டும் மீண்டும் இழுத்தார். சித்தப்பா எஞ்சின் பக்கமே திரும்பவில்லை. முன்பக்கம் சென்று நங்கூரத்தை இறக்கினார். அது சிறிது தூரம் மணலில் இழுபட்டுப் பின் பிடித்துக்கொண்டது. படகு முகம் திருப்பி நின்றது. அதன் பின்னரே அவர் எஞ்சின் மூடியைக் கழற்றினார்.

“முதலில் நங்கூரம், பிறகுதான் எஞ்சின். இதை மட்டும் மறக்காதீங்கம்மா” என்றார்.

பெட்ரோல் வடிகட்டியின் சிறு கிண்ணத்தைக் கழற்றி எங்களிடம் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் தெளிந்த தண்ணீர்! மூடி சரியில்லாத கேனை மழையில் வைத்திருந்ததால் வந்த வினை. இதற்குள் படகின் அடியில் கசிந்த நீர் எங்கள் கணுக்காலைத் தொட்டது. இறைப்பதற்குப் பாத்திரம் இல்லை. காஞ்சிபுரம் இட்லி கொண்டுசென்ற எங்கள் டிபன் பாக்ஸ்தான் அன்று கைகொடுத்தது. இருவர் மாற்றி இருவர் இறைத்தோம். ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குப் பின் எஞ்சின் ஓடியது. சட்டை வியர்க்கிறது என்று சொன்னவள் கரையேறி வீடு வந்து சேரும்வரை அதைக் கழற்றவேயில்லை.

அன்றிரவு சித்தப்பாவைச் சுற்றி அமர்ந்து, என்னென்ன தவறின என்று எண்ணினோம். கேனின் மூடி, துடுப்பு, இறைக்கும் பாத்திரம், பலகையின் கசிவு என நான்கு தேறின. ஒவ்வொன்றும் அற்பமானது. நான்கும் ஒரே மாலையில் ஒன்றுசேர்ந்ததே ஆபத்து. மறுநாள் நாங்கள் நோட்டுப் புத்தகத்துடன் பட்டறைக்குச் சென்றோம். கீழே வருபவை அந்த நோட்டிலிருந்து எழுதியவை.

மரப்படகைப் பேணும் முறை

படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் மீனவர் கூறுவர். பலகைகளை எவ்வளவு நெருக்கமாகப் பொருத்தினாலும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்கும். அவ்விடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைப்பார்கள். இதற்குக் கலப்பற்று அடித்தல் என்று பெயர். கேரளத்தின் பழைய வள்ளங்களில் ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடையே தேங்காய் நாரை வைத்து அடைப்பதும் உண்டு.

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நெடுநாள் கரையில் காய்ந்த மரப்படகை நீரில் இறக்கியவுடன் இடுக்குகள் வழியே நீர் கசியும். பலகை ஊறிப் பருத்தபின் தானே பெருமளவு அடைபடும். ஆகவே காய்ந்த படகை இறக்கிய அன்றே ஆட்களை ஏற்றிச் செல்லலாகாது. கரையில் இருக்கும் நாட்களில் ஓலைப் பந்தலின் நிழலில் வைத்து, அவ்வப்போது நீர் தெளித்து வரவேண்டும். ஊறிய பிறகும் ஓரிடத்தில் கசிவு நிற்கவில்லையென்றால், அங்கே பழைய பஞ்சை நீக்கிப் புதிதாகக் கலப்பற்று அடிக்க வேண்டும். பழையதன் மேலேயே பூசுவது சில நாளைக்குத்தான் தாங்கும்.

உப்புநீரில் மரத்துக்கு வேறொரு பகைவனும் உண்டு. பார்ப்பதற்குப் புழுவைப் போலிருக்கும், ஆனால் உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர், மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழும். வெளியில் ஊசித்துளை மட்டுமே தெரியும். உள்ளே பலகை சல்லடையாகிவிடும். ஆகவே படகைக் குறித்த காலங்களில் கரையேற்றிக் காயவைத்து, அடிப்பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ‘டங்’ என்று ஒலிக்கும். உளுத்த மரத்தின் ஒலி மழுங்கியிருக்கும். பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பாரே, அதே பரீட்சைதான் இது. நன்னீரில் இவ்வுயிர் வாழாது என்பதால் படகைச் சில வாரங்கள் நன்னீரில் கொண்டுபோய் வைப்பதும் ஒரு பழைய முறை.

ஃபைபர் படகைப் பேணும் முறை

இக்காலத்தில் ஃபைபர் படகுகளே மிகுதி. உளுக்காது, கலப்பற்றும் வேண்டாம். அதனால் இதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் சேர்ந்த கலவை. மேல்பூச்சில் கீறல் விழுந்தால் அதன் வழியே நீர் உள்ளே புகுந்து இழைகளைப் பிரித்துவிடும். கீறலைக் கண்டவுடன் நல்ல நீரில் கழுவி, முற்றிலும் உலரவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இழைப்பாயும் ரெசினும் வைத்து ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் ஒட்டு நிற்காது. தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

எந்தப் படகானாலும் அடியில் கொட்டலசு என்னும் சிறு உயிர்களும் பாசியும் ஒட்டி வளரும். அடிப்பகுதி சொரசொரப்பானால் படகின் வேகம் குறைந்து எரிபொருள் வீணாகும். மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுப்பது நலம். இரும்பால் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போகும்.

ஃபைபர் படகின் அமரத்தில் தண்ணீர் வடிப்பதற்கு ஒரு துளையும் அடைப்பானும் இருக்கும். கரையேற்றியதும் அடைப்பானைக் கழற்றினால் மழைநீர் தேங்காது. திரும்ப இறக்கும்போது அதை மாட்ட மறந்துவிட்டவர்களின் கதைகள் சித்தப்பாவிடம் நிறைய இருந்தன. அடைப்பானை ஒரு கயிற்றில் கட்டி, படகு இறக்கும் கயிற்றோடு சேர்த்து வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

எஞ்சினைப் பேணும் முறை

அமரத்தில் மாட்டும் எஞ்சின்களில் பல வகை உண்டு. பெட்ரோலில் ஓடுபவை, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுபவை, நீண்ட தண்டின் நுனியில் விசிறி பொருத்திய டீசல் எஞ்சின்கள் ஆகியவை பரவலாக உள்ளன. எதுவாயினும் அதனுடன் வந்த விளக்கப் புத்தகமே முதல் ஆசிரியர். இங்கே பொதுவான விதிகளை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, நீர் வரும் தாரையைப் பார்த்தல். மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் காற்று குளிர்விக்கிறது. படகு எஞ்சினோ தான் மூழ்கியிருக்கும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர்தான் இந்நீரை மேலே ஏற்றுகிறது. எஞ்சினின் பின்புறம் ஒரு சிறு துளையிலிருந்து நீர் தாரையாக வெளிவந்தால் குளிர்விப்பு சரியாக நடக்கிறது என்று பொருள். தாரை நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் பிளாஸ்டிக் பையோ பாசியோ உறிஞ்சும் வாயை அடைத்திருக்கும். அது இல்லையெனில் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். நீரில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. சில நொடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கும்.

இரண்டாவது, நன்னீரில் கழுவுதல். கால்வாயின் உப்புநீர் எஞ்சினுக்குள் தங்கினால், உலர்ந்து உப்பாகி வழிகளை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, எஞ்சினின் கீழ்ப்பகுதியை அதில் மூழ்கவைத்து, கியர் போடாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டால் உப்பு வெளியேறிவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இதைச் செய்யவேண்டும். “எத்தனை அசதி என்றாலும் குளிக்காமல் படுப்போமா? எஞ்சினும் அப்படித்தான்” என்று சித்தப்பா சொன்னார்.

மூன்றாவது, எரிபொருளில் தூய்மை. நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகையால் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சும் குழாய் அடியிலிருந்துதானே எடுக்கிறது! கேனை இறுக மூடி நிழலில் வைத்தல், வடிகட்டி உள்ள புனல் வழியே ஊற்றுதல், வடிகட்டிக் கிண்ணத்தை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்தல் ஆகிய மூன்றும் போதும். எண்ணெய் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பலவற்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் எண்ணெய் என்பது கணக்கு. இது 50-க்கு 1 என்னும் விகிதம். குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், மிகுந்தால் புகையும் கரியும் சேரும். எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறும் என்பதால் விளக்கப் புத்தகத்தைப் பார்ப்பதே முறை. இன்னொரு சிறு செய்தி: தொட்டியின் மூடியில் காற்று புகுவதற்கு ஒரு திருகு உண்டு. அதைத் திறக்க மறந்தால் எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு நின்றுவிடும். பழுது என்று பதறுமுன் அத்திருகைப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் உடல்நலத்தைச் சொல்லிவிடலாம். வெளிர் பழுப்பு நிறம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெயோ எரிபொருளோ மிகுதி. வெளுத்துப் போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது எங்கள் நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது, கியர் எண்ணெய். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இரு திருகுகள் இருக்கும். அடித்திருகைச் சற்றுத் தளர்த்திச் சிறிது எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் வெண்மையாக இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது, சீல் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். புதிய எண்ணெயை அடித்துளை வழியே ஏற்றி மேல்துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

ஆறாவது, விசிறி. அறுந்த நைலான் வலையின் இழை விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை வெட்டிவிடும். கியர் எண்ணெயில் நீர் புகுவதற்கு இதுவே பெரும் காரணம். விசிறியைக் கழற்றி இழைகளை நீக்கிக் கிரீஸ் பூசி மாட்ட வேண்டும். பாறையில் மோதினால் விசிறியைக் காப்பதற்காகத் தானே உடைந்துபோகும்படி ஒரு சிறிய ஊசியைச் சில எஞ்சின்களில் வைத்திருப்பார்கள். அது உடைந்தால் எஞ்சின் ஓடும், படகு நகராது. மாற்று ஊசி இரண்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரும்பாணியைச் செருகுவது வீட்டில் பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஏழாவது, துத்தநாகக் கட்டி. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றாக மூழ்கியிருந்தால் மின்கலம் போன்ற அமைப்பு உண்டாகி, அவற்றுள் எளிதில் அரிபடும் உலோகம் கரையத் தொடங்கும். எஞ்சினின் உடல் கரையாமலிருக்க, அதன் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துகிறார்கள். தான் கரைந்து எஞ்சினைக் காக்கிறது அது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் வர்ணம் பூசிவிட்டால் பயனில்லாமல் போகும்.

புறப்படுமுன் எண்ண வேண்டியவை

எஞ்சின் எவ்வளவு புதிதானாலும் அது நின்றுபோகும் என்று நினைத்தே புறப்பட வேண்டுமாம். படகில் இருக்கவேண்டியவற்றை நாங்கள் இவ்வாறு எழுதிக்கொண்டோம்: துடுப்பு இரண்டு, நங்கூரம், ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நீளமுள்ள நங்கூரக் கயிறு, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன், மாற்று பிளக், பிளக் ஸ்பானர், மாற்று ஊசி, டார்ச் விளக்கு, குடிநீர், ஆளுக்கொரு உயிர்காக்கும் சட்டை. நங்கூரக் கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கட்டாத நங்கூரத்தை எறிந்துவிட்டு வெறுங்கையுடன் நின்றவர்களும் உண்டாம்!

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கித் தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே தொட்டியைக் கரையில் வைத்தே நிரப்ப வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும்.

2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகச் சென்ற 22 பேர் மாண்டனர். இவர்களுள் எத்தனையோ பேர் குடும்பத்துடன் விடுமுறையைக் கழிக்கச் சென்றவர்கள், எங்களைப் போல. படகின் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும், எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வதும், சட்டை அணியாதிருப்பதும் எந்த எஞ்சின் பழுதையும்விடக் கொடியவை. 2021-இல் இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் பரிசோதனையையும் வலியுறுத்துகிறது. எனினும் ஏறும்போது “சட்டை எங்கே?” என்று கேட்பது நம் கடமை. கேட்பதற்கு வெட்கப்படலாகாது.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் ஈரம் ஊறிப் பாவு ஒட்டிக்கொள்ளும். தறி நின்றுவிடும். அப்போது எங்கள் வீடுகளில் அச்சையும் விழுதையும் துடைத்து, பாவை மூடிப் பாதுகாப்பார்கள். படகுக்கும் இவ்வாறே ஓய்வுகாலப் பராமரிப்பு உண்டு. எஞ்சினை நன்னீரில் கழுவி, கார்புரேட்டரில் உள்ள எரிபொருள் தீரும்வரை ஓட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துளையில் சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, மீண்டும் பிளக்கை மாட்டி வைக்க வேண்டும். எஞ்சினைத் தரையில் கிடத்தாமல் மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்ட வேண்டும். படகைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் கட்டைகள் கொடுத்து, புயல் காற்றுக்கு அசையாதபடி கட்ட வேண்டும். நீரிலேயே நிறுத்துவதானால் வெள்ளம் உயரும் அளவுக்குக் கயிற்றில் தளர்வு விடவேண்டும். இறுக்கிக் கட்டிய படகை உயரும் நீரே மூழ்கடித்துவிடும்.

கால்வாய்க்கும் பராமரிப்பு வேண்டாமா?

படகை எவ்வளவு பேணினாலும் ஓடுவதற்கு நீர்வழி வேண்டும். அலையும் ஓதமும் கொண்டுவரும் மணல் முகத்துவாரங்களை இடைவிடாது அடைக்கிறது. சேற்றை வாரிக்கொண்டே இருந்தால்தான் கால்வாய் கால்வாயாக இருக்கும். சென்னை நகருக்குள் அது சாக்கடை நீரைச் சுமக்கிறது. 1990-களில் அங்கே பறக்கும் ரயிலின் தூண்களும் அதன் வழியில் எழுந்தன. 2008-இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கரையைத் தாண்டிய நீரின் ஒரு பகுதியை இக்கால்வாய் தன்னுள் வாங்கிக்கொண்டதால் பல இடங்களில் சேதம் குறைந்தது. கைவிடப்பட்ட நிலையிலும் அது நமக்கு உதவியதை நன்றியுடன் நினைக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அதில் கொட்டுவது எவ்வளவு பெரிய நன்றிகேடு! சித்தப்பா அதைக் கேனில் சேர்த்து வைத்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுகிறார்.

நிறைவாக

மூன்றாம் நாள் விடைபெறும்போது, “தறியை விட்டதில் வருத்தமில்லையா, சித்தப்பா?” என்று கேட்டோம். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “எங்கேம்மா விட்டேன்? தறியில் உட்காருமுன் பாவைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லி உங்க தாத்தா அடித்து வளர்த்தார். இப்போ எஞ்சினைத் தடவிப் பார்க்கிறேன்” என்றார்.

பழுது பார்ப்பவரை எல்லோரும் தேடி வருகிறார்கள். பழுது வராமல் பார்த்துக்கொள்பவரை யாரும் கவனிப்பதில்லை. தினமும் எஞ்சினைக் கழுவுபவர், விடியுமுன் தறியைத் துடைக்கும் அப்பா, நாம் வருமுன்பே வகுப்பறையைப் பெருக்கிவைக்கும் அம்மா ஆகியோர் செய்யும் வேலை, அது நடக்காத அன்றுதான் நம் கண்ணில் படுகிறது. அன்று மாலை உப்பங்கழியின் நடுவே அதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

கடைசியாக ஒன்று. டிபன் பாக்ஸ் எப்படி நெளிந்தது என்று வீட்டில் கேட்டபோது நாங்கள் நால்வரும் சரியான பதில் சொல்லவில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் எங்கள் பெற்றோர் எங்களை மன்னிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அடுத்த முறை துடுப்பு இல்லாத படகில் ஏறமாட்டோம்.